கடல் அறிவியல் படித்தால் வேலை கிடைக்குமா? திருப்பாலைக்குடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான திருப்பாலைக்குடியில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்பவரின் மகள், பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் படிக்கிறாள். கடல் அறிவியல் படிக்க ஆசை. "அதைப் படித்து எந்த வேலைக்குப் போவாய், பேசாமல் நர்சிங் சேர்" என்கிறார் தாய்மாமா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கே படிப்பது, எத்தனை வருஷம் ஆகும், முடித்தால் என்ன வேலை, பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறாள்.

தங்கச்சி, நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. மூன்று வருஷ பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு போனால் கிடைப்பது கஷ்டம். நான்கிலிருந்து ஆறு வருஷம் வரை படிக்க வேண்டும். கூடவே ஏதாவது ஒரு வேலையில் உன் கை பழகியிருக்க வேண்டும். அது புள்ளியியலாக இருக்கலாம், வரைபட மென்பொருளாக இருக்கலாம், குஞ்சு பொரிப்பகத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம், மிதவை உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிப்பதாகவும் இருக்கலாம். கடல்மீது ஆசை இருக்கிறது என்பதற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. கடலைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் அதற்கு விடை கண்டுபிடித்துத் தரத் தெரிந்தவருக்குத்தான் தருகிறார்கள். இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

மாமா சொல்வதையும் ஒதுக்கிவிடாதே. நர்சிங் முடித்தால் சீக்கிரம் சம்பளம் வரும், இதில் அப்படி வராது. தம்பி தங்கைகளைப் படிக்கவைக்க வேண்டும், படகுக் கடன் நிற்கிறது, மூன்று வருஷத்தில் நீ சம்பாதித்தாக வேண்டும் என்கிற நிலைமை வீட்டில் இருந்தால் மாமாவின் கணக்கு சரியான கணக்கு. அப்பாவோடு உட்கார்ந்து அதைப் பேசி முடி. ஐந்தாறு வருஷம் பொறுக்க வீட்டுக்கு முடியும் என்றால் மேலே படி.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ராமநாதபுரத்தில் 'மரைன்' என்று பலகை வைத்த இடங்கள் நிறைய. மரைன் இன்ஜினியரிங் என்பது கப்பல் இயந்திரப் படிப்பு. நாட்டிகல் சயின்ஸ் கப்பல் ஓட்டும் படிப்பு. இவை இரண்டும் வணிகக் கப்பல் வேலைக்குப் போகும் பாதை. அதற்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொதுநுழைவுத் தேர்வு இருக்கிறது. ஓஷன் இன்ஜினியரிங் என்பது துறைமுகம், அலைத்தடுப்பு, கடலுக்குள் கட்டும் கட்டுமானங்கள் பற்றிய பொறியியல், சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்குத் தனித்துறையே உண்டு. நீ கேட்கிற கடல் அறிவியல் இவை எதுவும் இல்லை. கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன், ஆறு மாசச் சான்றிதழ், முன்பணம் இவ்வளவு என்று யாராவது வீட்டுக்கு வந்து பேசினால் அவரை உடனே அனுப்பிவிடும்படி அப்பாவிடம் சொல். நம் கரையோர வீடுகள் பல இப்படித்தான் நகையை இழந்திருக்கின்றன.

சரி, கடல் அறிவியலில் என்னதான் படிப்பார்கள்? நான்கு கிளைகள் என்று வைத்துக்கொள். தண்ணீர் எப்படி நகர்கிறது, சூடாகிறது, அலையாகிறது என்பது இயற்பியல் கடலியல். அந்தத் தண்ணீரில் உப்பு, ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு, கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பது வேதியியல் கடலியல். அடித்தரை, மணல், கரை அரிப்பு எல்லாம் நிலவியல் கடலியலில் வரும். உயிர்கள் எல்லாம் கடல் உயிரியலில். பெரும்பாலான பிள்ளைகள் நான்காவதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்து, முதல் மூன்றைப் பார்த்து மிரள்கிறார்கள். நீ கணிதமும் எடுத்திருக்கிறாய் என்பதால் உனக்கு அந்தப் பயம் வேண்டாம். சொல்லப்போனால் உன்னுடைய பெரிய பலமே அதுதான்.

உன் வீட்டு வாசலிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். மண்டபத்துக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, நம்மவர்கள் வடகடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். நடுவில் இருப்பது ஒடுங்கிய நிலமும் பாம்பன் வாய்க்காலும் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளும்தான். ஆனால் இரண்டும் ஒரே கடல் மாதிரி நடந்துகொள்வதில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம்போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கியதும் அப்படியே தலைகீழாக மாறும். இது உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஏன் அப்படி என்பதைத்தான் வகுப்பில் படிப்பாய். வடகடலின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். தென்கடல் தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும். வடகிழக்குப் பருவத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் வடகடலுக்குள் வந்து புகுகிறது. ஆழமில்லாத சேற்றுத் தரையில் வெயில் அடிவரை இறங்குவதால் கடல்புல் படர்கிறது. புல் இருக்கிற இடத்தில் ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிறது, இறால் குஞ்சு ஒளிகிறது, நண்டு வளர்கிறது. தென்கடலில் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. காற்றிலும் ஆழத்திலும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வலையில் விழுகிற மீன்வரை வந்து நிற்கிறது. இந்தச் சங்கிலியை எண்களோடு பிடிக்கத் தெரிந்தால் நீ பாதிக் கடல் அறிவியலைப் படித்துவிட்டாய் என்று அர்த்தம்.

நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்பா வலை விடுவதற்கு முன் பார்க்கிறாரே, அதையே கருவி வைத்து அளந்து, பத்து வருஷ அளவுகளோடு ஒப்பிட்டு, கணினியில் மாதிரி போடுகிறவர்கள் ஹைதராபாதில் இருக்கிறார்கள். இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்பார்கள். 1999-ல் தொடங்கியது. செயற்கைக்கோள் தருகிற கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்து மீன் கூடும் பகுதி எது என்று தமிழிலும் அறிவிப்பு தருவது அவர்கள்தான். மேகம் மூடினால் செயற்கைக்கோள் பார்க்க முடியாது, அதனால் சில நாள் அறிவிப்பு வராது. சுனாமி எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் மீனையே தொடுவதில்லை. இயற்பியல், கணிதம், கணினிதான் அவர்கள் பிழைப்பு. கடல் வேலை என்றாலே படகும் முக்குளிப்பும் என்று நினைத்துவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எங்கே படிப்பது. உனக்கு இரண்டு பாதை இருக்கிறது.

முதலாவது பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலை. நான்கு வருஷம். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது, அதன் கீழ் தூத்துக்குடியில் 1977-லேயே தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பொன்னேரியிலும் உண்டு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் பொருந்தும். மீன் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்தல், வலைத் தொழில்நுட்பம், மீன்பிடிப் பொருளாதாரம் எல்லாம் இதில் வரும், கடலியலும் ஒரு பகுதியாக வரும். கடைசி வருஷத்தில் பண்ணை, ஆலை, மீனவக் கிராமம் என்று நேரடிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இது தொழிற்படிப்பு என்பதால் மீன்வளத்துறைப் பணிகளுக்கும் மீன்வள வங்கிக்கடன் சார்ந்த பணிகளுக்கும் இந்தப் பட்டத்துக்குத் தனி மதிப்பு.

இரண்டாவது, அடிப்படைப் பாடம் ஒன்றில் பி.எஸ்சி. முடித்து, பிறகு கடல் சார்ந்த எம்.எஸ்சி. இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. இளநிலையை அகலமாக வைத்துக்கொள். விலங்கியல், வேதியியல், இயற்பியல், தாவரவியல், நிலவியல் எதுவாக இருந்தாலும் நல்ல ஆய்வகமும் ஒழுங்காக வகுப்புக்கு வருகிற ஆசிரியர்களும் இருக்கிற கல்லூரியாகப் பார். பெயரில் 'மரைன்' என்று இருக்கிறதே என்பதற்காக நுண்ணோக்கிகூட இல்லாத இடத்தில் பணம் கட்டிச் சேராதே. இயற்பியல் கடலியல் எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் இயற்பியலோ கணிதமோ படித்தவர்களைத்தான் எடுப்பார்கள், கடல் உயிரியலுக்கு உயிரியல் பாடங்கள். ஆகவே பி.எஸ்சி. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நீ பாதிக் கதவுகளைத் திறக்கிறாய், பாதியை மூடுகிறாய்.

எம்.எஸ்சி. என்று வந்தால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கழிமுகம், அலையாத்திக் காடு, திறந்த கடல் மூன்றும் கையெட்டும் தூரத்தில். காலையில் வலை போட்டு எடுத்த மிதவை உயிரியை மதியம் நுண்ணோக்கியில் பார்க்கலாம். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. உன் ஊருக்குப் பக்கத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத்துறை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். விடுதிச் செலவு யோசிக்க வேண்டிய வீடென்றால் இதை முதலில் பார். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் கடல் அறிவியல் துறை உண்டு. நாகர்கோவில் பக்கம் இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம் உண்டு. வெளியே போகலாம் என்றால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மிக நல்ல இடம். நான்கு கிளைகளுக்கும் தனித்தனித் துறைகள், அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஒரு வளாகம் வைத்துக் கடல் உயிரியல் நடத்துகிறது, பவளப்பாறையில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. அதற்குப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், உன் நிலைமைக்கு பி.எஃப்.எஸ்சி.க்கு முதல் விண்ணப்பம் போடு. நான்கு வருஷத்திலேயே வேலைக்குத் தகுதி வந்துவிடுகிறது, மேலே படிக்கவும் வழி அடைபடுவதில்லை. இடம் கிடைக்காவிட்டால் இரண்டாவது பாதை. அது தாழ்ந்த பாதை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நாட்டின் கடலியல் நிறுவனங்களில் இருப்பவர்களில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவர்கள்தான்.

இப்போது வேலை. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரிகளில் இதை யாரும் உடைத்துச் சொல்வதில்லை.

எம்.எஸ்சி. முடித்தவர்களில் ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களின் முதல் வேலை பெரும்பாலும் திட்டப் பணியாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மூன்று வருஷத் திட்டம் ஒன்றுக்கு நிதி வரும், அதற்கு ஆள் எடுப்பார்கள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறியிருந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. தேறாவிட்டால் திட்டத்தைப் பொறுத்து அதைவிடக் குறைவு. அதனால் எம்.எஸ்சி. முதல் வருஷத்திலிருந்தே நெட் தேர்வுக்குப் படி. சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாளும் இருக்கிறது, புவி, வளிமண்டல, கடல் மற்றும் கோள் அறிவியல் தாளும் இருக்கிறது. திட்டத்திலிருந்து திட்டத்துக்குத் தாவியே முப்பத்தைந்து வயதைத் தொட்டு, கையில் பிஎச்.டி.யும் இல்லாமல் நிரந்தர வேலையும் இல்லாமல் நிற்கிற நல்ல திறமைசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடல் தெரியும், தேர்வுக்கும் கட்டுரை வெளியீட்டுக்கும் நேரம் ஒதுக்கவில்லை, ஒதுக்க யாரும் சொல்லவும் இல்லை. நான் உனக்குச் சொல்கிறேன். முதல் திட்டப் பணியிலேயே பிஎச்.டி. பதிவு உண்டா என்று கேள். இல்லை என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருக்காதே.

நிரந்தர ஆராய்ச்சி வேலைகளில் நமக்கு மிக அருகில் இருப்பது மண்டபம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது. 1949 முதல் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே மண்டபம் கேம்ப்தான். இன்றைக்கும் மண்டல மையம் அங்கே இருக்கிறது. கடல்விரால் என்று நம்மவர்கள் சொல்கிற கோபியாவை 2010-ல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் குஞ்சு பொரிக்கவைத்தது அந்த மையத்தில்தான். இன்று கூண்டுகளில் அந்த மீனை வளர்க்கிறவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். பக்கத்திலேயே உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம். மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி பணிக்கு ஏ.ஆர்.எஸ். என்கிற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுத வேண்டும், போட்டி கடுமை. ஆனால் விஞ்ஞானி மட்டும்தான் அங்கே வேலை செய்கிறார் என்று நினைக்காதே. தொழில்நுட்ப அலுவலர்கள், களப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள் என்று பல அடுக்கு உண்டு. இறங்குதளத்துக்கு வந்து எந்தப் படகில் எந்த மீன் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போகிறவர்களை நீ பார்த்திருப்பாய். நாடு முழுக்க எவ்வளவு மீன் பிடிபட்டது என்ற கணக்கு அவர்கள் நோட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 2021-ல் 4,077 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த ஆழ்கடல் திட்டத்தில், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை அவர்கள்தான் உருவாக்குகிறார்கள். கோவாவில் 1966 முதல் தேசியக் கடலியல் நிறுவனம். சென்னையில் உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையமும் உண்டு. மாநில மீன்வளத்துறைப் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. எந்தப் பட்டம் செல்லும் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் தெளிவாக இருக்கும். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிடு. சேர்ந்தபிறகு படித்துப் பயனில்லை.

அரசு வேலையைத் தாண்டியும் பார்க்க வேண்டும். வேலை அதிகமாக இருக்கிற இடம் அதுதான், பேசப்படுவதுதான் குறைவு. இறால் குஞ்சு பொரிப்பகமும் பண்ணையும் ஒரு பெரிய உலகம். 2009-ல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபிறகு அது மளமளவென்று வளர்ந்துவிட்டது. தண்ணீரின் உப்பு, அமிலத்தன்மை, அம்மோனியா பார்க்கவும் வெள்ளைப்புள்ளி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். தீவன நிறுவனங்கள் பண்ணைக்குப் பண்ணை ஆலோசனை சொல்ல ஆள் எடுக்கின்றன. தூத்துக்குடி ஏற்றுமதி ஆலைகளில் தரக்கட்டுப்பாடு இன்னொன்று. வெளிநாட்டுக்குப் போகும் இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி மிச்சம் இருந்தால் கண்டெய்னரே திரும்பி வந்துவிடும், அதனால் ஆய்வகத்தில் நம்பகமான கை அவர்களுக்கு எப்போதும் தேவை.

இன்னொரு வேலை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. கரையில் துறைமுகம், நெம்மேலி மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அனல்மின் நிலையம் எது வந்தாலும் கட்டுவதற்கு முன் அந்தக் கடல்பகுதியில் என்ன உயிர்கள் இருக்கின்றன, வெளியேற்றும் வெந்நீரோ அடர் உப்புநீரோ எவ்வளவு தூரம் பரவும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், கட்டியபிறகும் கண்காணிக்க வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் இதற்கு ஆள் எடுக்கின்றன. 2024-ல் கடலுக்குள் காற்றாலை அமைக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த முதல் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கு 500 மெகாவாட். அதற்குத் தரையளவு, நீரோட்டம், பறவை, மீன்பிடித் தளம் எல்லாம் ஆராய வேண்டும். இந்த வேலையில் நேர்மை மிக முக்கியம். பணம் கொடுப்பவர் ஆலைக்காரர், அறிக்கையில் உண்மை எழுத வேண்டியவள் நீ. கடல்புல் இருக்கிற இடத்தில் 'வெறும் சேறு' என்று எழுதச் சொன்னால் எழுதாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். புல் எங்கே இருக்கிறது என்று சின்ன வயசிலிருந்தே தெரிந்த உன்னைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் கரையில் இந்தப் படிப்புக்கு இன்னொரு கனமும் உண்டு. 1986-ல் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அன்றிலிருந்து வனத்துறையோடு இழுபறி. 2001-ல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடித்தால் சிறை. அட்டை அழிந்துவருகிறது என்கிறது சட்டம், கடலில் நிறையக் கிடக்கிறது என்கிறார்கள் மீனவர்கள். யார் சொல்வது சரி? தீவுக்குத் தீவு, ஆழத்துக்கு ஆழம், வருஷாவருஷம் எண்ணிப் பார்த்த கணக்கு இருந்தால்தான் இதைப் பேச முடியும். தூத்துக்குடியில் 1988-லேயே கடல் அட்டையைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறார்கள், அது மீனவர் கைக்கு ஒரு தொழிலாக வந்து சேரவில்லை. காப்பாஃபைகஸ் என்கிற கடற்பாசியும் இப்படித்தான். மிதவையில் கட்டி வளர்த்து எத்தனையோ குடும்பங்கள் வருமானம் பார்த்தன. அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரண்டுமே உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்து, எந்த இடத்தில் வளர்க்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று சொல்கிற ஆள் நம் ஊரிலிருந்தே வந்தால், கூட்டத்தில் பேசும்போது மீனவர்களும் காதுகொடுப்பார்கள், அதிகாரிகளும் மறுக்க முடியாது.

பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டாய். ஒத்துவரும். வகுப்புகளில் இப்போது பெண்கள் நிறையப் பேர். கஷ்டம் வேறு இடத்தில். விடியற்காலை மாதிரி எடுக்கப் படகில் போக வேண்டும், படகில் கழிப்பறை கிடையாது, ஆறேழு மணிநேரம் வெயில். சில படகுக்காரர்கள் பெண்ணை ஏற்றத் தயங்குவார்கள். ஆய்வுக் கப்பலில் வாரக்கணக்கில் தங்க நேர்ந்தால் வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். கூட இன்னொரு பெண் வருகிறாளா, பாதுகாப்பு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது உன் உரிமை, அதைக் கேட்கக் கூச்சப்படாதே. படகு ஆட்டத்தில் வரும் கடல் மயக்கம் உனக்கு வராது என்று நினைக்கிறேன், நகரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் முதல் நாள் படுகிற பாட்டைப் பார்க்கும்போது அது எவ்வளவு பெரிய மூலதனம் என்று உனக்கே தெரியும். இன்னொன்று, பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்திருந்தால் முதல் இரண்டு பருவம் திணறும். உயிரினங்களின் அறிவியல் பெயர் எல்லாருக்குமே புதுசு, அதில் நீ பின்தங்கியவள் இல்லை.

இந்த லீவில் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். நீச்சல் ஒழுங்காகக் கற்றுக்கொள், கரையோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் நம்மிடம் அதிகம். மண்டபம் கேம்ப் போய் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைப் பார், அங்கே இருப்பவர்களிடம் உன் கேள்விகளைக் கேள். காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள், அதுவும் உனக்குப் பக்கம்தான். அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, அப்பா கரைக்கு வந்ததும் தேதி, காற்று எந்தப் பக்கம், எந்த இடத்தில் வலை விட்டார், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று எழுது. நண்டு என்றால் சினை நண்டு எத்தனை என்பதையும் எழுது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கிற 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்கு என்ன விழுகிறது என்று ஒரு வருஷக் கணக்கு உன் கையில் இருந்தால், எந்த நேர்காணலிலும் அதை மேசைமேல் வைக்கலாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றாயே, இந்தக் கணக்கை அவரிடம் கேட்டு எழுத ஆரம்பி, அவர் பேச ஆரம்பிப்பார்.

விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், அப்பாவின் மீனவர் அடையாள அட்டை, நலவாரியப் பதிவு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வை. பிளஸ் டூ முடிவு வந்ததும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் இணையத்தில் திறக்கும், கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். மீனவர் ஒதுக்கீட்டுக்கு எந்த அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும் என்பது விண்ணப்பக் குறிப்பேட்டில் இருக்கும், அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மாமாவையும் கூப்பிடு.